நீல் தீவில் "கடலோரக் குடிசை" என்று முன்பணம் கேட்கிறார்களா? கொடுக்காதீர்கள்

குறைந்த செலவில் அந்தமான் போய், கூட்டமில்லாத கடற்கரையில் மூங்கில் குடிசை ஒன்றில் சில நாள் கிடந்துவிட்டு வரலாம் என்று நினைப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். போர்ட் பிளேரில் உங்களிடம் தமிழில் பேசி, கைப்பேசியில் படம் காட்டி, நீல் தீவில் கடலை ஒட்டிக் குடிசை இருப்பதாகச் சொல்லி முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்கும் தரகர் யாராக இருந்தாலும் சரி, ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். எங்களிடம் வாங்கிய பணத்தில் பாதி இன்றுவரை திரும்பி வரவில்லை.

முதலில் தீவைப் பற்றி. 2018 டிசம்பரில் அரசு இதற்கு ஷகீத் தீவு என்று பெயர் மாற்றியது. ஆனால் உள்ளூரில் எல்லோரும் இன்னும் நீல் என்றுதான் சொல்கிறார்கள். (போர்ட் பிளேரும் 2024-லிருந்து ஸ்ரீ விஜயபுரம். அதையும் பேச்சில் நான் கேட்கவில்லை.) போர்ட் பிளேரிலிருந்து அரசுக் கப்பலில் இரண்டு மணி நேரம். கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்த குடும்பங்களை 1960-களில் இங்கே குடியமர்த்தினார்கள். அவர்கள் பயிரிடும் காய்கறிதான் போர்ட் பிளேர் சந்தைக்கும் போகிறது. கடற்கரைகளுக்கு பரத்பூர், லட்சுமண்பூர், சீதாபூர் என்று ராமாயணப் பெயர்கள். சைக்கிளிலேயே சுற்றிவிடக்கூடிய அளவுதான் மொத்தத் தீவும். வெள்ளந்தியான விவசாயிகள் வாழும் ஊர் இது. நான் எழுதப்போகும் குறை அவர்கள் மீதல்ல.

அபர்தீன் பஜார் பக்கம் நானும் என் மைத்துனனும் சாப்பிட்டுவிட்டு நடந்துகொண்டிருந்தோம். எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு ஒருவர் பின்னாலேயே வந்தார். "அண்ணா, தமிழா? எந்த ஊர்?" போர்ட் பிளேரில் தமிழர்கள் ஏராளம், அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. ஐந்து நிமிடத்தில் ஒரு சின்னப் பயண அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தோம், கையில் டீ. நீல் தீவில் தன் நண்பருடைய குடிசைகள் இருப்பதாகவும், வாசலில் இறங்கினால் இருபதடியில் கடல் என்றும், ஒரு நாளைக்கு 900 ரூபாய், தனிக் குளியலறை உண்டு என்றும் சொன்னார். சீசன் நேரம், இன்றைக்குப் பணம் போடாவிட்டால் நாளைக்கு இடம் கிடையாது, அரசுக் கப்பலில் டிக்கெட் தீர்ந்துவிட்டது, ஆனால் தனியார் படகில் தன்னால் இரண்டு இருக்கை எடுத்துத் தர முடியும் என்று மளமளவென்று அடுக்கினார். தங்கும் நாள்கள் முழுவதற்குமான வாடகை, படகுக் கட்டணம், ஒரு ஸ்கூட்டர் எல்லாவற்றையும் ஒரே தொகையாகச் சேர்த்துக் கணக்குப் போட்டார். கியூஆர் குறியீட்டில் பணம் போனது. திரையில் வந்தது அலுவலகத்தின் பெயரல்ல, ஒரு தனிநபரின் பெயர். ரசீது என்று தந்த தாளில் படகு விவரம் தெளிவாக இருந்தது. குடிசையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "நீல், பீச் ஹட்" என்று மட்டும் பேனாவால் எழுதியிருந்தது.

படகு நீல் ஜெட்டியை அடைந்தபோது மணி நாலரைக்கு மேல். அங்கே ஒரு பையன் எங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். ஆட்டோவில் ஏறினோம். கடல் இடப்பக்கம் இருந்தது, ஆட்டோ வலப்பக்கம் திரும்பியது. வாழைத் தோட்டம், கத்தரிப் பாத்தி, குளம், மறுபடி வாழை. கடைசியில் ஒரு பாக்குத் தோப்புக்குள் நிறுத்தினான்.

நான்கு குடிசைகள். கூரையின் கீற்று கிழிந்த இடத்தில் நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். உள்ளே கட்டிலும் கொசுவலையும். வலையில் என் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை, அதைப் பிளாஸ்டர் ஒட்டி மூடியிருந்தார்கள், அந்தப் பிளாஸ்டரும் ஒரு மூலையில் உரிந்து ஆடிக்கொண்டிருந்தது. தனிக் குளியலறை என்று சொன்னது தோப்பின் கோடியில் நான்கு குடிசைக்கும் பொதுவாக ஒன்று. ஒரு டிரம்மில் தண்ணீர், மிதக்கும் ஒரு குவளை. கடல் எங்கே என்று கேட்டேன். பையன் கையை நீட்டிய திசையில் பாக்கு மரம்தான் தெரிந்தது. நடந்தால் அரை மணி நேரம் ஆகுமாம்.

"நீங்கள் பதிவு செய்த குடிசை பழுதுபார்ப்பில் இருக்கிறது, இதுவும் அதே விலைதான்" என்றார் அங்கிருந்தவர், ஹிந்தியில். பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்றோம். பணம் எங்களிடம் வரவில்லை, போர்ட் பிளேரில் கேளுங்கள் என்றார். போர்ட் பிளேருக்கு அடித்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே. நீல் தீவில் சிக்னல் வருவதும் போவதும் சகஜம், அதனால் அவர் எடுக்கவில்லையா, இங்கே கிடைக்கவில்லையா என்பதுகூட எங்களுக்குத் தெரியவில்லை.

இந்த இடத்தில்தான் மோசடியின் சூட்சுமம் இருக்கிறது. அந்தமான் நமக்கு வெகு கிழக்கே இருக்கிறது, ஆனால் கடிகாரம் மட்டும் இந்திய நேரம். டிசம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுகிறது, ஐந்தரைக்குக் கும்மிருட்டு. அன்றைய படகுகள் எல்லாம் போய்விட்டன. தோப்புக்கு நடுவே, முதுகில் பையோடு, ஊரே தெரியாமல் நிற்கும் ஆள் என்ன செய்வான்? சண்டை போட்டுவிட்டு அங்கேயே படுப்பான். பிற்பகல் படகில்தான் அனுப்ப வேண்டும் என்று அந்தத் தரகர் பிடிவாதமாக நின்றதன் காரணம் அப்போதுதான் விளங்கியது. காலைப் படகில் வந்திருந்தால் பகல் முழுக்க எங்கள் கையில் இருந்திருக்கும்.

இரவில் சாப்பாடும் அங்கேதான் சாப்பிட வேண்டும் என்றார்கள். விலைப்பட்டியல் இல்லை. மீனை எடைபோட்டுக் காட்டினார்கள், தலையும் குடலும் செதிலும் சேர்த்து. சுவை நன்றாகவே இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

மைத்துனன் தரகர் அனுப்பிய படத்தை வெகுநேரம் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். "அத்தான், இது இந்தத் தீவே இல்லை. மணலை ஒட்டி எவ்வளவு பெரிய காடு நிற்கிறது பாருங்கள். இது ஹேவ்லாக் ராதாநகர்." அவன் சொன்னது சரி. 2004-இல் டைம் பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று சொன்ன அதே ராதாநகர். இணையத்தில் ஆயிரம் பேர் போட்டிருக்கும் படம். வேறொரு தீவின் கடற்கரையைக் காட்டி இந்தத் தீவின் குடிசையை விற்கும் துணிச்சல் யாருக்கு வரும் என்று யோசித்தேன். வாங்குபவன் இரண்டையும் பார்த்திருக்க மாட்டான் என்று தெரிந்தவனுக்கு வரும்.

காலையில் வெளிச்சம் வந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டோம். சாலையோரமாக நடந்து, எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் கேட்டு, கடற்கரைக்குப் பின்னால் ஒரு வங்காளிக் குடும்பத்தின் வீட்டை ஒட்டிய மூங்கில் குடிசையைப் பிடித்தோம். வாடகை 700. அதே சீசனில், முன்பதிவு இல்லாமல், கடல் சத்தம் கேட்கிற தூரத்தில். அந்த அம்மாள் முன்பணம் கேட்கவே இல்லை, போகும்போது கொடுங்கள் என்றார். பக்கத்தில் இதுபோல இன்னும் இரண்டு குடிசைகள் காலியாகவே கிடந்தன. "இடம் தீர்ந்துவிட்டது" என்ற பேச்சின் லட்சணம் இதுதான்.

குடிசைக்கு வெளியே என்ன எதிர்பார்க்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஏமாற்று வேறு, இயற்கை வேறு. பரத்பூரில் கடல் உள்வாங்கும் நேரத்தில் வெகுதூரம் வரை முழங்கால் அளவுத் தண்ணீரும் உடைந்த பவளமும்தான் இருக்கும், நீந்த முடியாது. கால் கிழியும். நீர் ஏறும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போக வேண்டும். லட்சுமண்பூர் பக்கம் இயற்கையாக அமைந்த பாறை வளைவைப் பார்க்க வேண்டுமென்றால் தலைகீழ், நீர் வற்றியபோதுதான் போக முடியும். சாயங்காலம் மணல் பூச்சி கடிக்கும், சொறிந்தால் புண்ணாகிவிடும். மின்சாரம் போகும். இதற்கெல்லாம் யாரிடமும் சண்டை போட முடியாது, போடவும் கூடாது. அதேபோல் கரையில் கிடக்கும் பவளத் துண்டை ஆசையாக எடுத்துப் பையில் போடாதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், விமான நிலையத்தில் பையைச் சோதிக்கும்போது பிடிபடும்.

ஸ்கூட்டர் கதை மிச்சமிருக்கிறது. மொத்தத் தொகையில் ஸ்கூட்டரும் அடக்கம் என்பதால் அதை மட்டுமாவது பயன்படுத்துவோம் என்று வாங்கினோம். அசல் ஓட்டுநர் உரிமத்தை வாங்கி வைத்துக்கொண்டுதான் சாவியைக் கொடுத்தார்கள். வண்டியின் எண் பலகை வெள்ளை. வாடகைக்கு விடும் வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வெள்ளைப் பலகை வண்டியில் விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடக்கூடும். முதல் நாள் பட்ட சூட்டில், மைத்துனன் வண்டியைச் சுற்றிவந்து அடிப்பகுதி வரை வீடியோ எடுத்து வைத்தான். திரும்பும் நாள், படகுக்கு முக்கால் மணி நேரம் இருக்கையில் வண்டியை ஒப்படைத்தோம். கடைக்காரர் குனிந்து, கால் வைக்கும் பலகைக்குக் கீழே ஒரு கீறலைத் தடவிக் காட்டி 2,500 ரூபாய் என்றார். உரிமம் அவருடைய மேசை இழுப்பறையில். வீடியோவைக் காட்டினோம். கீறல் அதில் பளிச்சென்று இருந்தது. மனிதர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. "அப்படியானால் பெட்ரோல் குறைகிறது, 200 கொடுங்கள்" என்றார். படகின் ஊதல் கேட்டுக்கொண்டிருந்தது. கொடுத்துவிட்டு உரிமத்தை வாங்கிக்கொண்டு ஓடினோம்.

குடிசையில் இருட்டை நம்பினார்கள், ஸ்கூட்டரில் படகை நம்பினார்கள். ஆகவே நீங்கள் போவதாக இருந்தால் காலைப் படகில் போங்கள், தங்குமிடத்தை அங்கே போய்க் கண்ணால் பார்த்துவிட்டு ஒரு நாள் வாடகையை மட்டும் கொடுங்கள். ஸ்கூட்டரைப் படகுக்கு வெகுநேரம் முன்பே, முடிந்தால் முந்தின நாள் மாலையே ஒப்படைத்துவிடுங்கள். சைக்கிள் எடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை. அரசுக் கப்பல் டிக்கெட்டை போர்ட் பிளேர் ஃபீனிக்ஸ் பே கவுண்டரில் நீங்களே அடையாள அட்டையோடு போய்க் கேளுங்கள். தனியார் படகின் கட்டணத்தோடு ஒப்பிட்டால் அது எவ்வளவோ மலிவு. தீர்ந்துவிட்டது என்று கவுண்டரில் இருப்பவர் சொல்லட்டும், தரகர் சொல்ல வேண்டாம். ரொக்கம் போதுமான அளவு வைத்துக்கொள்ளுங்கள். சிக்னல் இல்லாவிட்டால் கியூஆர் வேலை செய்யாது, அதுவும் தரகர்களுக்குச் சாதகம்.

ஊர் திரும்பியதும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்தேன். பணம் அனுப்பிய விவரம், அந்தத் தாள் ரசீது, ராதாநகர் படம், தோப்புக் குடிசையில் நாங்கள் எடுத்த படம் எல்லாவற்றையும் இணைத்தேன். அதன் பிறகு தரகரே அழைத்து, "அண்ணா, நம் ஆள்களுக்குள் புகார் எதற்கு" என்று குழைந்தார். பாதியை அனுப்பினார். மீதிக்குப் புகாரைத் திரும்பப் பெற வேண்டும் என்று நிபந்தனை போட்டார், மறுத்துவிட்டேன். அன்றிலிருந்து என் எண்ணை முடக்கி வைத்திருக்கிறார். அடுத்தது நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இணையத்திலேயே மனு கொடுக்கலாம். மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். இதே முறையில், "நீல், பீச் ஹட்" என்று பேனாவால் எழுதிய தாளோடு யாராவது திரும்பி வந்திருந்தால் அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், நீங்களும் 1915-க்கு அழையுங்கள்.