பாப்ரோவ்ஸ்கியா, வசிலெவ்ஸ்கியா?

இருவரும் ரஷ்ய ஐஸ் ஹாக்கி கோல்கீப்பர்கள், வட அமெரிக்காவின் என்எச்எல் லீக்குக்குப் போன பாதைதான் வேறு. த்யூமெனில் பிறந்த ஆந்த்ரே வசிலெவ்ஸ்கியை 2012 டிராஃப்டில் (அணிகள் இளம் வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) 19ஆவது ஆளாக டாம்பா பே எடுத்தது. செர்கேய் பாப்ரோவ்ஸ்கியை எந்த அணியும் டிராஃப்டில் சீண்டவில்லை. 2010இல் பிலடெல்பியா நேரடியாக ஒப்பந்தம் செய்தது. மறு ஆண்டே இன்னொரு கோல்கீப்பர் பிரிஸ்காலோவ் வந்ததால் பெஞ்ச், 2012இல் கொலம்பஸ் அணிக்கு மாற்றம். அங்கேதான் 2013, 2017 என சிறந்த கோல்கீப்பருக்கான வெசினா விருது இரண்டு முறை. வசிலெவ்ஸ்கிக்கு ஒன்று, 2019இல்.

வசிலெவ்ஸ்கியின் பலம் உயரமும் கால்களை அகல விரிக்கும் நெகிழ்வும். மண்டியிட்டாலும் வலையின் மேல்மூலை அதிகம் திறக்காது. பாப்ரோவ்ஸ்கிக்கு உயரம் சற்றுக் குறைவு. அதை ஒரு கம்பத்திலிருந்து மறுகம்பத்துக்குப் பாயும் வேகத்தால் ஈடுகட்டுகிறார். பக்கை (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) அடிப்பவர் ஒரு கணம் தாமதித்தால் அந்தப் பாய்ச்சலே பின்னால் இடத்தைத் திறந்துவிடும்.

2019இல், லீக் ஆட்டங்களில் 62 வெற்றிகளோடு வந்த டாம்பாவை பாப்ரோவ்ஸ்கியின் கொலம்பஸ் பிளேஆஃப் தொடரில் நான்கு ஆட்டங்களையும் வென்று வெளியேற்றியது. 2022இல் வசிலெவ்ஸ்கி நான்கு ஆட்டங்களில் மூன்றே கோல் விட்டு, பாப்ரோவ்ஸ்கி அதற்குள் மாறியிருந்த ஃபுளோரிடாவை முடித்தார். 2024, 2025இல் பாப்ரோவ்ஸ்கியின் ஃபுளோரிடா முதல் சுற்றில் டாம்பாவைத் தாண்டி என்எச்எல் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையையும் வென்றது.

ஆனால் தொடரை முடிக்கும் ஆட்டம் என்றால் என் தேர்வு வசிலெவ்ஸ்கி: டாம்பா கோப்பை வென்ற 2020 இறுதிச்சுற்றிலிருந்து 2021 இறுதிச்சுற்றுவரை, அப்படிப்பட்ட ஐந்து ஆட்டங்களில் ஒரு கோல்கூட விடவில்லை.