லீல் நகரமா, ஆராஸ் நகரமா? வட பிரான்சில் ஃபிளெமிஷ் சாயல் தேடுவோருக்கு

பாரிஸ் கார் து நோர் நிலையத்தில் டி.ஜி.வி. என்ற அதிவேக ரயில் ஏறினால் லீல் ஒரு மணி நேரம், ஆராஸ் ஐம்பது நிமிடம். செங்கல்லும் வெள்ளைச் சுண்ணாம்புக்கல்லும் கலந்த முகப்புகள், சுருள் வளைவு வைத்த கூரை முகடுகள், மணிக்கூண்டு, பீர் ஊற்றிச் சமைத்த கறி என இரண்டு ஊரிலும், பெல்ஜியம் பக்கத்துப் பழைய சீமையான ஃபிளாண்டர்ஸின் வாடை உண்டு. லீலில் அறை எடுத்துக்கொண்டு ஆராஸை அரை நாளில் பார்த்துவிட்டு வரலாம் என்பதுதான் வழக்கமாகக் கிடைக்கும் ஆலோசனை. ஒரே ஓர் இரவுதான் என்றால் இதைத் திருப்பிப் போடுவது நல்லது: ஆராஸில் தங்குங்கள். இரண்டு இரவோ அதற்கு மேலோ கிடைத்தால் லீலிலும் தங்கலாம்.

காரணம் எளிது. ஆராஸின் சொத்து அதன் இரண்டு சதுக்கங்கள். பகலில் அங்கே கார், சுற்றுலாப் பேருந்து, சனிக்கிழமை என்றால் சந்தைக் கூடாரம். மாலை ஏழுக்கு மேல் சதுக்கம் காலியாகி, முகப்புகளுக்கு விளக்குப் போட்ட பிறகுதான் அதன் அளவு பிடிபடும். அரை நாள் ஆட்கள் அதற்குள் ரயிலேறிவிடுகிறார்கள். லீலின் சொத்தோ உள்ளே இருக்கிறது: அருங்காட்சியகங்கள், சமையலறைகள், கடைத்தெருக்கள். அதற்குப் பகல் வேண்டும், ஒரு பகல் போதாது.

முகப்புகள்

இரண்டு ஊரும் ஸ்பானிய மன்னர் கையிலிருந்த நெதர்லாந்தின் பகுதியாக இருந்தவை. ஆராஸை பிரெஞ்சுக்காரர்கள் 1640இல் பிடித்தார்கள். லீலை பதினான்காம் லூயி 1667இல் பிடித்தார். ஒரு விஷயம் முன்கூட்டியே தெரிந்திருந்தால் ஏமாற்றம் இருக்காது: இரண்டு ஊரிலும் மக்கள் பேச்சு ஃபிளெமிஷ் அல்ல, பிக்கார்டி வட்டார பிரெஞ்சுதான். ஆராஸ் கறாராகப் பார்த்தால் ஃபிளாண்டர்ஸிலேயே சேராது, அது ஆர்துவா என்ற பக்கத்து வட்டாரம். கட்டடத்தில்தான் ஃபிளாண்டர்ஸ்.

அந்தக் கட்டடத்தில் ஆராஸை அடிக்க ஆளில்லை. கிராண்ட் பிளாஸ், பிளாஸ் தே ஹெரோ என்ற அடுத்தடுத்த இரண்டு சதுக்கங்களைச் சுற்றி 155 வீடுகள், பெரும்பாலும் 17, 18ஆம் நூற்றாண்டு பாணி. அதாவது பிரெஞ்சு ஆட்சி வந்த பிறகும் பழைய பாணியையே விடாமல் கட்டியிருக்கிறார்கள். ஒரு வீட்டைத் தேர்ந்தெடுத்து அடியிலிருந்து மேலே பாருங்கள். தரைத்தளம் பின்வாங்கியிருக்கும், முன்னால் மணற்கல் தூண்கள், அவற்றின் மேல் வளைவு, உள்ளே நடைபாதை. தூணுக்கு மணற்கல், காரணம் மழையும் வண்டி உரசலும். மேலே போகப் போகச் செங்கல்லும் மென்மையான வெள்ளைக்கல்லும். இரண்டு மூன்று ஜன்னல் அகலம், அதற்கு மேல் இரு பக்கமும் சுருண்டு ஏறும் முகடு. ஜன்னல்களுக்கு இடையே சில வீடுகளில் செதுக்கிய சின்னம் இருக்கும். கதவு எண் வருவதற்கு முன் அதுதான் விலாசம். எல்லா வீடும் ஒரே மாதிரி தெரியும், ஆனால் ஒரு முகடு மட்டும் சுருளாமல் படிக்கட்டுபோல ஏறும்: கிராண்ட் பிளாஸின் துருவா லுப்பார் வீடு, 1467ஆம் ஆண்டைச் சேர்ந்தது, சதுக்கத்திலேயே மூத்தது.

"எல்லாம் போருக்குப் பின் திரும்பக் கட்டியதாமே" என்று மூக்கைச் சுளிப்பவர்கள் உண்டு. உண்மைதான். முதல் உலகப் போரில் முன்னணிக் கோடு ஊரின் வாசலிலேயே இருந்தது. 1463 முதல் 1554 வரை கட்டிய மணிக்கூண்டு 1914 அக்டோபர் 21 அன்று குண்டுவீச்சில் விழுந்தது. பியேர் பாக்கே என்ற கட்டடக் கலைஞரின் மேற்பார்வையில் அப்படியே திரும்ப எழுப்பினார்கள். மணிக்கூண்டு 1932இல் முடிந்தது. யுனெஸ்கோ பட்டியலில் 2005இல் சேர்ந்ததும் இந்த மறுபிறவி எடுத்த மணிக்கூண்டுதான். சுமார் 75 மீட்டர் உயரம். பெரும் பகுதிக்கு லிஃப்ட் உண்டு, கடைசியில் நாற்பது சொச்சம் குறுகிய படிகள். மேலே நின்றால் இரண்டு சதுக்கமும் காலடியில். டிக்கெட் நகர மண்டபத்தின் தரைத்தளத்திலுள்ள சுற்றுலா அலுவலகத்தில்.

லீலில் அழகு துண்டு துண்டாக இருக்கிறது. அதில் சிறந்த துண்டு பிளாஸ் து தியாத்ர். ஒரு பக்கம் வியேய் பூர்ஸ், அதாவது பழைய வணிகச் சந்தை: 1652-53இல் ஜூலியான் தெஸ்த்ரே கட்டியது, ஒரு முற்றத்தைச் சுற்றி ஒரே மாதிரியான 24 வீடுகள், பழக்கொத்து, சிங்க முகம், மனித உருவத் தாங்கிகள் என்று இடம் விடாத செதுக்கல். பக்கத்திலேயே ராங் து போர்கார் என்ற வீட்டு வரிசை, 1687இல் எழுந்தது. இடையில் ஆட்சி மாறிவிட்டது. அதனால் எல்லா வீடும் ஒரே உயரம், ஒரே ஒழுங்கு, முகடு காணாமல் போய்விட்டது. ஆஸ்திரியர்கள் 1792இல் முற்றுகையிட்டுச் சுட்ட பீரங்கிக் குண்டுகளை அந்த வரிசையின் சுவரில் பதித்தே வைத்திருக்கிறார்கள். கடைப் பலகைக்கு மேலே கண்ணை ஓட்டினால் கறுப்பு உருண்டைகள் தெரியும். இரண்டு ஆட்சிகளின் ரசனையை இவ்வளவு அருகருகே வைத்துப் பார்க்க ஆராஸில் வழியில்லை.

வியேய் பூர்ஸ் முற்றத்தில் பழைய புத்தகக் கடைகளும் சதுரங்கம் ஆடுபவர்களும் இருப்பது பிற்பகலில் மட்டும், திங்கள்கிழமை விடுமுறை. காலை பத்து மணிக்குப் போனால் பூட்டிய கதவைத்தான் பார்க்கலாம். காலைப் பொழுதை ரூ த லா மொனே தெரு, பிளாஸ் லூயிஸ் த பெத்திஞ்ஞி ஓரத்திலுள்ள 1636ஆம் ஆண்டு ஜில் த லா போவே வீடு இவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து இரண்டு நிமிடத்தில் நோத்ர் தாம் த லா திரேய் பேராலயம். 1854இல் தொடங்கி, முகப்பு 1999இல்தான் முடிந்தது. வெளியே அது மங்கலான சாம்பல் பலகை மாதிரி இருக்கும், பலர் அப்படியே திரும்பிவிடுகிறார்கள். உள்ளே போய்த் திரும்பிப் பாருங்கள்: மெல்லிய பளிங்குத் தகடுகள் வழியே வெளிச்சம் இளஞ்சிவப்பாக இறங்கும்.

கோட்டைகள்

இரண்டும் பதினான்காம் லூயியின் கோட்டைப் பொறியாளர் வோபான் வரைந்த ஐங்கோணக் கோட்டைகள், ஒரே காலத்தவை. லீல் கோட்டைதான் பேர்போனது, ஆனால் இன்றும் ராணுவத்தின் கையில். சுற்றியுள்ள அகழிக்கரைப் பூங்காவில் நடக்கலாம். உள்ளே போகச் சுற்றுலா அலுவலகம் ஏற்பாடு செய்யும் குழுவில் முன்பதிவு வேண்டும். ஆராஸ் கோட்டையிலிருந்து ராணுவம் 2009இல் வெளியேறிவிட்டது. இப்போது வீடும் அலுவலகமுமாக இருக்கிறது, யாரும் நுழையலாம். 2008இல் யுனெஸ்கோ ஏற்ற வோபான் கோட்டைப் பட்டியலில் இருப்பதும் ஆராஸ்தான். அதன் அகழியில், இரண்டாம் உலகப் போரின் ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது சுட்டுக்கொல்லப்பட்ட 218 எதிர்ப்புப் போராளிகளின் பெயர்ப் பலகைகள் கொண்ட சுவர் இருக்கிறது. கோட்டையைச் சேர்த்துப் பார்க்க ஆராஸ் மேல்.

தரைக்கு அடியில்

இதில் லீலுக்குப் போட்டியே இல்லை. ஆராஸ் நிற்பது சுண்ணாம்புப் பாறையின் மேல். இடைக்காலம் தொட்டுக் கல் வெட்டியெடுத்த குழிகள் ஊருக்கு அடியில் கிடக்கின்றன. நகர மண்டபத்துக்குக் கீழே உள்ளவை 'போவ்' சுரங்கங்கள். வழிகாட்டியோடு முக்கால் மணி நேரம். ரயில் நிலையத்துக்குப் பின்புறம், நடந்தால் கால் மணிக்குச் சற்று மேல், வெலிங்டன் குவாரி. 1916இல் வந்த நியூசிலாந்து சுரங்கத் தொழிலாளர் படை பழைய குழிகளை இணைத்து, சுமார் 24,000 பிரிட்டிஷ் படையினரை 20 மீட்டர் ஆழத்தில் தங்கவைத்தது. 1917 ஏப்ரல் 9 அன்று அவர்கள் ஜெர்மானிய வரிசைக்கு எதிரே வெளியேறித் தாக்கினார்கள். சுவரில் கரியால் எழுதிய எண்களும் அம்புக்குறிகளும் இன்னும் அழியவில்லை. உள்ளே எந்த மாதமும் சுமார் 11 டிகிரிதான். ஜூலையில் அரைக்கைச் சட்டையோடு போனால் கால் மணியில் நடுக்கம் வந்துவிடும். குழுவாகத்தான் அனுப்புவார்கள், அதனால் நேரம் குறித்துப் பதிவு செய்யுங்கள். ஜனவரியில் மூடல் உண்டு.

போர் நினைவிடங்களுக்கும் ஆராஸே வசதி. விமி குன்றின் கனடா நினைவுச்சின்னம் வடக்கே பத்து கிலோமீட்டர் வாக்கில். பேருந்தை நம்பாமல் டாக்சி பேசிக்கொள்வது மேல். கோட்டையை ஒட்டியே ஆராஸ் நினைவுச்சின்னம், எட்வின் லட்யன்ஸ் வடிவமைத்தது. லீலுக்கு மேற்கே சுமார் 25 கிலோமீட்டரில் நெவ் ஷாப்பெல் இந்திய நினைவுச்சின்னம். 4,700க்கும் மேற்பட்ட இந்தியப் படையினரின் நினைவாக ஹெர்பர்ட் பேக்கர் கட்டியது, 1927இல் திறந்தார்கள். புதுதில்லியைக் கட்டிய இரண்டு பேரும் இந்தச் சமவெளியில் ஆளுக்கொன்று விட்டுப்போயிருக்கிறார்கள். நெவ் ஷாப்பெலுக்குக் கார் இல்லாமல் போவது சிரமம்.

அருங்காட்சியகங்கள்

லீல்தான். பாலே தே போசார் 1892இல் திறந்த பெரிய கலைக்கூடம். ரூபன்ஸும் கோயாவும் இருக்கிறார்கள், கீழ்த்தளத்தில் கோட்டை நகரங்களின் மாதிரிகள் இருக்கின்றன. பதினான்காம் லூயி காலத்திலிருந்து, முற்றுகைத் திட்டம் போடுவதற்காக மரத்திலும் காகிதத்திலும் பட்டிலும் 1:600 அளவில் செய்த ஊர்கள். வோபான் கோட்டையைத் தரையில் நின்று பார்த்தால் புல்மேடும் சுவரும்தான் தெரியும். இந்த மாதிரிகளைப் பார்த்துவிட்டுப் போனால் எந்த மூலை எந்த மூலையைக் காக்கிறது என்பது விளங்கும். கூடவே 1237இல் ஃபிளாண்டர்ஸ் சீமாட்டி ஜான் நிறுவிய மருத்துவமனை, இன்று ஓஸ்பிஸ் கோம்தெஸ் அருங்காட்சியகம்: நீலவெள்ளை ஓடு பதித்த சமையலறை, ஃபிளெமிஷ் ஓவியங்கள், ஒரு மணி நேரம்.

கிழமைதான் காலை வாரும். இந்த இரண்டுக்கும் செவ்வாய் முழு விடுமுறை, திங்கள் காலையும் மூடல். லீலை ஒட்டிய ரூபே ஊரிலுள்ள லா பிஸீன், 1932ஆம் ஆண்டு நீச்சல் குளத்தைக் கலைக்கூடமாக்கிய இடம், திங்களன்று மூடல். அங்கே போக மெட்ரோ இரண்டாம் தடம், 'கார் ஜான் லெபா' என்ற நிறுத்தம். லீல் மெட்ரோ 1983லிருந்தே ஓட்டுநர் இல்லாமல் ஓடுவது. முன் இருக்கை குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். ஞாயிறும் திங்களும் மட்டும் கையில் இருந்தால் ஞாயிறை லீலுக்கும் திங்களை ஆராஸ் சுரங்கத்துக்கும் கொடுங்கள்.

சாப்பாடு

எஸ்தாமினே என்ற ஃபிளெமிஷ் சாப்பாட்டு விடுதிகள் லீலில் கூடுதல், வகையும் கூடுதல். கார்போனாத் என்பது பீரில் மணிக்கணக்காக வேகவைத்த மாட்டிறைச்சி, லேசான இனிப்போடு. போட்ஷ்வ்லேஷ் என்பது கோழி, முயல், கன்று எல்லாம் சேர்த்து ஜெல்லியில் உறையவைத்த குளிர்ந்த கறி. சூடாக வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆராஸின் பெருமை ஆந்துய்யெத், குடலை அடைத்த சாசேஜ். குடல் குழம்பு வாசனை பிடித்தவர்கள் தைரியமாக வாங்கலாம், மற்றவர்கள் பக்கத்து மேஜைக்கு வந்ததை முகர்ந்துவிட்டு முடிவு செய்யலாம்.

மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது உருளைக்கிழங்கு வறுவல். இங்கே மரபு மாட்டுக் கொழுப்பில் பொரிப்பது. பட்டியலில் எழுதியிருக்க மாட்டார்கள். தாவர எண்ணெயா என்று கேட்டே ஆக வேண்டும். சைவத்துக்கு இருக்கும் வழி, பீரில் உருக்கிய செடார் சீஸை ரொட்டி மேல் ஊற்றிச் சுட்ட வெல்ஷ். அடியில் பன்றித் துண்டு வைப்பார்கள். அது இல்லாமல் கேட்டால் பல இடங்களில் செய்து தருவார்கள். மாருவால் சீஸ் பை மூக்கைத் துளைத்தாலும் வாயில் சாதுவானது, முட்டை உண்டு. சைவம், முட்டையும் வேண்டாம் என்போருக்கு ஆராஸில் சாலடைத் தாண்டி அதிகம் தேறாது. லீலில் மற்ற நாட்டு உணவகங்கள் கைகொடுக்கும்.

சமையலறை நேரம் இரண்டு ஊரிலும் கண்டிப்பு: மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு, இரவு ஏழிலிருந்து ஒன்பதரை போல. மூன்று மணிக்குப் பசித்தால் லீலில் ரிஊர் சதுக்கத்தைச் சுற்றி ஏதாவது கிடைக்கும். ஆராஸில் வறுவல் கடையைத் தேட வேண்டியிருக்கும். ஞாயிறு இரவும் திங்களும் ஆராஸில் பல உணவகங்கள் மூடியிருக்கும், முன்பதிவு செய்யுங்கள்.

ரயிலும் பெட்டியும்

லீலில் இரண்டு நிலையங்கள், இடைவெளி சுமார் 500 மீட்டர். பாரிஸ் வண்டிகள் பெரும்பாலும் லீல் ஃப்ளாந்தர் நிலையத்துக்கு; லண்டன் யூரோஸ்டாரும் சார்ல் த கோல் விமான நிலையத்து டி.ஜி.வி.யும் லீல் ஐரோப் நிலையத்துக்கு. டிக்கெட்டில் நிலையப் பெயரைப் பாருங்கள். தவறான நிலையத்தில் நின்றால் பெட்டியோடு பத்து நிமிட ஓட்டம். லண்டனுக்குத் திரும்புவோர் கடவுச்சீட்டுச் சோதனைக்காக ஒரு மணி நேரத்துக்கு மேல் முன்னதாக வர வேண்டும். பிரிட்டிஷ் விசாவில் இருக்கும் இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு ஷெங்கன் விசா தனியாகத் தேவை.

லீலுக்கும் ஆராஸுக்கும் இடையே டி.இ.ஆர். வட்டார ரயில், லீல் ஃப்ளாந்தரிலிருந்து, தூவே வழியாக முக்கால் மணி வாக்கில். எல்லா நிலையத்திலும் நிற்கும் வண்டி இன்னும் இழுக்கும். வழியிலுள்ள தூவேயில் 62 மணிகள் கொண்ட மணிக்கூண்டு இருக்கிறது, இரண்டு மணி நேரம் இறங்கிப் பார்க்கத் தகும். உருளும் பெட்டிக்கு ஆராஸின் கல் பாவிய சதுக்கங்கள் எதிரி. ஆனால் மழை வந்தால் வளைவு நடைபாதையில் நனையாமல் சுற்றலாம், லீலில் குடைதான்.

வார இறுதி மட்டும் என்றால் வெள்ளி மாலை ஆராஸ், சனி காலை சந்தையும் சுரங்கமும், சனி மாலை லீல், ஞாயிறு காலை வஸெம் சந்தை, பிற்பகல் வியேய் பூர்ஸும் கலைக்கூடமும். மாதத்தின் முதல் ஞாயிறு கலைக்கூடத்தின் நிரந்தரப் பகுதிக்குக் கட்டணமில்லை. ஃபிளெமிஷ் பேச்சு வழங்கிய ஊரே வேண்டும் என்பவர்கள் இரண்டையும் விட்டுவிட்டு டன்கர்க் பக்கம் மதில் சூழ்ந்த பெர்க் போகலாம். செப்டம்பர் முதல் வார இறுதியில் மட்டும் லீலுக்கு அறை தேடாதீர்கள்: பிராதெரி என்ற பழம்பொருள் சந்தைக்கு லட்சக்கணக்கானோர் குவிவார்கள், அறைகள் மாதங்களுக்கு முன்பே தீர்ந்திருக்கும். அந்த இரண்டு நாளும் ஆராஸில் தங்கி ரயிலில் போய்வருவதுதான் நடக்கிற காரியம், அதற்கும் சீக்கிரமே பதிவு செய்தாக வேண்டும்.