தொலைநிலையில் எம்.ஏ. சமூகவியல்: முடித்துச் சில வருடம் கழித்து

சென்னை தண்டையார்பேட்டையில் குடியிருந்து, துறைமுகம் பக்கம் ஒரு கண்டெய்னர் ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலையில் எம்.ஏ. சமூகவியல் முடித்தேன். எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லப்போவதில்லை. சேரலாமா என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பாடநூல்கள் பரவாயில்லை ரகம் இல்லை, நன்றாகவே இருந்தன. சமூகவியலின் முன்னோடிகளான வெபரும் துர்கைமும் முதல் தடவை தலைக்கு மேலே போனாலும், இக்னோவின் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) பாடநூல்கள் இருக்கும் இ-ஞானகோஷ் தளத்தில் அதே விஷயங்களைப் படித்தபோது பிடிபட்டது. அது இலவசம், எங்கே படிப்பவருக்கும் உதவும்.

எனக்கு இருந்த பெரிய ஏமாற்றம், பாடம் நம் தெருவுக்கு வரவே இல்லை என்பதுதான். தொழிற்சங்கம் பற்றிய பகுதியில் 1918இல் தொடங்கிய மெட்ராஸ் லேபர் யூனியனுக்கு ஒரு வரி. அது பெரம்பூர் மில் தொழிலாளர்களின் சங்கம், பஸ் ஏறினால் வரும் தூரம். அதே பெரம்பூரில் இருந்த பி அண்ட் சி (பக்கிங்ஹாம் அண்ட் கர்நாட்டிக்) மில்லின் 1921 வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பலர் வேலைக்குப் போனார்கள், மற்றவர்கள் வெளியே நின்றார்கள், சண்டை புளியந்தோப்பு வரை பரவியது. வர்க்கம் எங்கே முடிகிறது, சாதி எங்கே தொடங்குகிறது என்று பேச இதைவிட நல்ல பாடம் உண்டா? கன்னிமாரா நூலகத்தில் உட்கார்ந்து நானாகத்தான் படித்துக்கொண்டேன்.

ஆய்வு முறைகள் தாளுக்காக மட்டுமே இந்தப் படிப்பைப் பரிந்துரைப்பேன். களப்பணிக்குக் காசிமேட்டில் மீன் விற்கும் பெண்களிடம் போனேன். கையில் கொடுத்திருந்த மாதிரிப் படிவத்தில் ‘மாத வருமானம்’ என்று ஒரு கட்டம். "மாசக் கணக்கு யாருக்கும்மா தெரியும்? இன்னிக்கு இன்னா வந்துச்சு, தண்டலுக்கு எவ்ளோ போச்சுன்னு கேளு" என்றார் ஒரு அக்கா. தண்டல் என்றால் தினமும் வந்து வசூலிக்கும் வட்டிக் கடன். அந்தக் கட்டத்தை அடித்துவிட்டு, ஏலத்தில் எடுத்த விலை, ஐஸ், ஆட்டோ, தண்டல் என்று நாள் கணக்காக மாற்றிய பிறகுதான் பேச்சே வந்தது. இன்றுவரை ஆபீசில் எந்தப் படிவம் வந்தாலும் யாரை மனதில் வைத்துத் தயாரித்தார்கள் என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

அந்த அறிக்கையைத் திருத்தியவர் ஒரு டிக்கும் மதிப்பெண்ணும் போட்டதோடு சரி. அசைன்மென்ட்டும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை வகுப்புகள் போகப்போக ஆளில்லாமல் ஓய்ந்தன. சேர்வதற்கு முன்னால் பழைய மாணவர் யாரிடமாவது திருத்திய அசைன்மென்ட்டை வாங்கிப் பாருங்கள். ஓரத்தில் நாலு வரியாவது எழுதியிருந்தால் தைரியமாகச் சேரலாம்.

வேலை விஷயம். அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2020 விதிமுறைகளே சொல்கின்றன. ஆனால் அந்தக் கல்வியாண்டுக்கு, அந்தப் படிப்புக்கு அனுமதி இருக்கிறதா என்று யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு பட்டியலில் பார்த்துக்கொள்ள வேண்டும். கல்லூரி ஆசிரியர் வேலைக்கான தகுதித் தேர்வான நெட் எழுத முதுகலையில் பொதுப் பிரிவுக்கும் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவுக்கும் 55 சதவீதம் தேவை, மற்ற இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 50. பாஸானால் போதும் என்று படித்தவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். ஆஸ்பத்திரியிலோ தொண்டு நிறுவனத்திலோ சமூகப் பணியாளர் ஆக ஆசையென்றால் இது வேண்டாம், அவர்கள் பெரும்பாலும் சமூகப் பணி முதுகலையான எம்.எஸ்.டபிள்யூ.தான் கேட்பார்கள்.