ஐஸ்லாந்தா, அமெரிக்காவா: 2008-க்குப் பிறகு யார் கம்பி எண்ணினார்கள்?

உலக நிதி நெருக்கடி உச்சத்தில் இருந்த 2008 அக்டோபரில் ஐஸ்லாந்தின் மூன்று பெரிய வங்கிகளும் ஒரே வாரத்தில் கவிழ்ந்தன. விசாரிக்க வந்த சிறப்பு வழக்குரைஞர் ஓலாவூர் ஹவுக்சன், அதுவரை ஒரு சிற்றூரின் காவல் பொறுப்பில் இருந்தவர். அவர் தோண்டியதில் ஒன்று: கவுப்திங் வங்கியின் 5 சதவீதப் பங்கைக் கத்தார் ஷேக் ஒருவர் வாங்கிவிட்டார் என்று வங்கி பெருமையாக அறிவித்திருந்தது. பணம் யாருடையது? வங்கியே கொடுத்த கடன்! இந்த நாடகத்துக்குத் தலைமை நிர்வாகிக்கு ஐந்தரை ஆண்டு சிறை. 2015-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. பிரதமராக இருந்த கெய்ர் ஹார்டேயையும் கூண்டில் ஏற்றினார்கள். ஒரு குற்றச்சாட்டு மட்டும் நிரூபணமானது, தண்டனை இல்லை.

அமெரிக்கா? சரிந்துகொண்டிருந்த தன் வங்கிகளைக் கைதூக்கிவிட 70,000 கோடி டாலர் ஒதுக்கியது. அப்புறம் அபராதம்: 2013-இல் ஜேபி மார்கன் வங்கி மட்டும் 1,300 கோடி டாலருக்கு ஒப்புக்கொண்டது. தொகை பெரிதுதான். ஆனால் அது போனது வங்கியின் கஜானாவிலிருந்து, முடிவெடுத்தவர்களின் சட்டைப்பையிலிருந்து அல்ல. சில வங்கிகள் மிகப் பெரியவை, வழக்குப் போடுவது கடினம் என்று அன்றைய அட்டர்னி ஜெனரல், அதாவது அரசின் தலைமைச் சட்ட அதிகாரி, எரிக் ஹோல்டரே செனட்டில் சொன்னார். 1980-களின் சேமிப்பு வங்கி ஊழலில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தண்டித்த அதே நாடு!

சரி, ஐஸ்லாந்து உத்தமர் அல்ல. வங்கிகள் நாட்டுப் பொருளாதாரத்தைவிடப் பல மடங்கு பெருத்திருந்ததால் காப்பாற்ற அதற்கு வழியே இல்லை. ஆனாலும் என் ஓட்டு ஐஸ்லாந்துக்கே: அங்கே சிறைக்குப் போனது பெயரும் முகமும் உள்ள மனிதர்கள்.