திருநெல்வேலி வண்ணார்பேட்டை மானியக் கடன் ஏஜென்ட்: புதுசா சித்த வைத்தியசாலை வைக்கிறவங்க கவனத்துக்கு

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில படிச்சு முடிச்சு சொந்தமா வைத்தியசாலை வைக்க நினைக்கிற பிள்ளைகளைத்தான் இந்த ஆள் தேடிப் பிடிக்காரு. என் தங்கச்சி அம்பாசமுத்திரத்துல கடைக்கு அட்வான்ஸ் குடுத்த வாரமே போன் வந்துட்டு. "நீங்க வைத்தியத்தைப் பாருங்கம்மா, கடன், மானியம், பதிவு எல்லாம் நான் பாத்துக்கிடுதேன்."

சொந்தத் தொழில் தொடங்க மத்திய அரசு மானியத்தோட கடன் குடுக்குற பி.எம்.இ.ஜி.பி. திட்டத்துல 10 லட்சத்துக்குப் போடுவோம், 35 சதவீதம் மானியம், மூணரை லட்சம் கையில வந்துரும்னாரு. அந்தப் பணத்துல ஆறு மாச வாடகையும் மருந்துச் சரக்கும் ஓடிரும்னு தங்கச்சி கணக்குப் போட்டா.

வங்கி மேனேஜர்தான் விவரத்தை உடைச்சாரு. பெண்களுக்கு 35 சதவீதம் கிராமத்துலதான். அம்பாசமுத்திரம் நகராட்சி, அங்க 25. அதுவும் கைக்கு வராது. மூணு வருஷம் வங்கியிலயே டெபாசிட்டா கிடக்கும், பிறகு கடன்ல கழிப்பாங்க. மாச வாடகைக்கு அதை நம்பவே முடியாது.

அதுக்குள்ள அவரு வாங்கினதைக் கேளுங்க. திட்ட அறிக்கைக்கு 12,000. உத்யம்ங்கிற சிறுதொழில் பதிவுக்கு 3,500. அரசு தளத்துல ஆதாரை வச்சு நாமளே பண்ணலாம், ஒரு பைசா கிடையாது. எல்லாத்துக்கும் மேல, கடன் வாங்குறவங்க சொந்தமா போட வேண்டிய பயனாளி பங்கு 5 சதவீதம்னு 50,000 ரூபாயை ரொக்கமா அவரு கையில வாங்கிட்டாரு. அந்தப் பங்கு நம்ம வங்கிக் கணக்குல இருக்க வேண்டிய பணம், ஏஜென்ட் கைக்கு அதுல என்ன வேலை? செக்யூரிட்டின்னு ரெண்டு வெத்து செக்கும் போச்சு. 10 லட்சம் வரைக்கும் இந்தக் கடனுக்கு அடமானமே கேக்கக் கூடாது. ரசீதுன்னு குடுத்தது சீல் இல்லாத வெள்ளைத் தாளு.

ஜி.எஸ்.டி. தான் இன்னும் எரிச்சல். பதிவு பெற்ற சித்த மருத்துவர் பாக்குற வைத்தியத்துக்கு அந்த வரி கிடையாது. இவரு பதிவு எடுத்து விட்டுட்டு, மாசா மாசம் கணக்கு தாக்கல் பண்ணணும்னு தனிக் கட்டணம் கேட்டாரு. விட்டுட்டா, வியாபாரமே இல்லாத கணக்குக்கும் நாளைக்கு 20 ரூபா தாமதக் கட்டணம் ஏறும். இப்ப ரத்து பண்ண விண்ணப்பிச்சிருக்கோம்.

கடைசியில விண்ணப்ப எண்ணைக் கேட்டதும் போனை எடுக்கல. மாவட்டத் தொழில் மையத்துல போய்ப் பாத்தா, தங்கச்சி பேர்ல விண்ணப்பமே பதிவாகல. ஏஜென்ட் யாரையும் வைக்கலன்னு அங்கயே சொல்லுதாங்க. மாதிரித் திட்ட அறிக்கை, இந்தத் திட்டத்தை நடத்துற கதர் கிராமத் தொழில் ஆணையத்தோட (கே.வி.ஐ.சி.) தளத்துலயே சும்மா கிடைக்குது.

போலீஸ்ல புகார் குடுத்தாச்சு, பணம் இன்னும் வரல. இவருகிட்ட செக் குடுத்தவங்க இருந்தா, முதல்ல வங்கிக்குப் போய் அந்த செக் எண்களை ஸ்டாப் பேமென்ட் பண்ணுங்க.