கொழும்பில் ‘லேண்ட்ஸ்கேப்பிங் பக்கேஜ்’: கொடுக்கிற காசுக்கு என்ன கிடைக்கிறது?

வெள்ளவத்தையோ பத்தரமுல்லையோ, புதுவீடு கட்டுகிறவர்களுக்கு இப்போது ஏறக்குறைய ஒரே தோட்டம்தான் விற்கப்படுகிறது. மலேசியப் புல், மதிலோரம் மூன்று ஃபொக்ஸ்டெயில் பனை, வெள்ளைக் கூழாங்கல், கார் நிறுத்த இன்டர்லொக் கல், இரவுக்கு எல்இடி வெளிச்சம். சதுர அடிக்கு விலை பேசி, ஒரு கிழமையில் முடித்துத் தருவார்கள். முடிந்த அன்று டுபாய் ஹோட்டல் வாசல் மாதிரி அழகாகவே இருக்கும். ஆனால் கொழும்பில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீற்றர் அளவில் மழை பெய்கிறது. சதுப்பும் கால்வாயுமாகக் கிடந்த ஊர் இது. ஆகவே இந்தப் பக்கேஜை வெயில் நாளில் பார்த்து மதிப்பிட முடியாது.

ஒரு பேர்ச் என்பது 272 சதுர அடி. அதில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 2,500 லீற்றர் தண்ணீர். பத்துப் பேர்ச் காணியில் மூன்று பேர்ச்சைக் கல்லால் மூடினால் 7,500 லீற்றர் நிலத்துக்குள் இறங்காமல் தெருக் கானுக்குப் போகிறது. ஒழுங்கையில் இருபது வீடும் இதையே செய்தால் கான் என்ன செய்யும்? 2010 நவம்பர் மழையில் நாடாளுமன்ற வளாகத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்ததை ஊர் மறந்திருக்காது.

இன்டர்லொக் கல் பதித்தாலும் தண்ணீரை மண் இழுக்கும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். இடுக்கில் மணல் நிரப்பி, அடியில் சல்லி பரப்பியிருந்தால் அது ஓரளவு உண்மை. பெரும்பாலும் நடப்பது வேறு: இரண்டு அங்குலம் குவாரி டஸ்ட் (கல் உடைக்கும்போது வரும் தூள்) கொட்டி, அதன்மேல் கல்லை அடுக்கி, ஓரத்துக்குச் சீமெந்து பூசிவிடுவார்கள். மூன்றாம் மாதம் கார்ச் சில்லு போகிற இரண்டு தடமும் பள்ளமாகும், அதில் தண்ணீர் தேங்கும். கார் ஏறும் இடமென்றால் நன்றாக இடித்து இறுக்கிய ஏபிசி சல்லி (வீதிக்கு அடியில் போடுகிற, கல்லும் தூளும் கலந்த சல்லி) ஆறு அங்குலம், அதன்மேல் மணல் ஒரு அங்குலம், பத்து அடிக்கு ஒன்றரை அங்குலச் சரிவு. இந்த மூன்றும் விலைமனுவில் எழுத்தில் இருக்க வேண்டும்.

அடுத்த குறை மண். கட்டட வேலை முடிந்ததும் உடைந்த கல், சுண்ணாம்பு, சீமெந்துக் கழிவு எல்லாவற்றையும் சமப்படுத்தி, மேலே நான்கு அங்குலம் சிவப்பு மண் போட்டு மறைத்துவிடுகிறார்கள். அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். மதிலோரத்து வெட்சியின் இளம் இலையைப் பாருங்கள்: நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால், சீமெந்துக் கழிவின் காரத்தால் செடிக்கு இரும்புச்சத்து ஏறவில்லை. உரம் போட்டு இதை மாற்ற முடியாது. ஒன்றரை அடி ஆழத்துக்குத் தோண்டிக் கழிவை அகற்றி, மேல்மண்ணும் மக்கிய உரமும் தும்புத்தூளும் கலந்து நிரப்பினால்தான் தேறும். குழி, வேர்க்கட்டியைப்போல இரண்டு மடங்கு அகலம் வேண்டும். நாற்றின் பொலித்தீன் பையை முழுதாகக் கழற்றுகிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். அடிப்பக்கத்தை அப்படியே விட்டு நடுவது வழக்கமாகிவிட்டது.

அன்னாசி மாதிரி இலை அடுக்குள்ள புரொமெலியாட் செடியை நிராகரியுங்கள். இலைக்கக்கத்தில் எப்போதும் தண்ணீர் நிற்கும், டெங்கு நுளம்பு அங்கே முட்டையிடும். இந்த ஊருக்கு அது பொருந்தாத செடி. வெள்ளைக் கூழாங்கல்லும் ஒரு மாரி போனால் பாசி பிடித்துப் பச்சையாகும்.

நல்லதையும் சொல்ல வேண்டும். புல் விரிக்கும் வேலை பொதுவாகச் சுத்தம்; இணைப்புத் தெரியாது, ஓரம் நேராக இருக்கும். மலேசியப் புல் ஓரளவு நிழலையும் தாங்கும். இரண்டு மாடி வீடுகளுக்கு நடுவே வெயிலே படாத ஆறடி இடுக்கில் மட்டும் அதைப் போட வேண்டாம்.

பெரிய குறை, இந்தப் பக்கேஜில் நிலத்தைப் படித்துத் திட்டம் போடுகிறவர் இல்லை என்பது. மொறட்டுவைப் பல்கலைக்கழகம் லேண்ட்ஸ்கேப் ஆர்கிடெக்சரில், அதாவது நிலத்தை வடிவமைக்கும் துறையில், பட்டப்படிப்பே நடத்துகிறது. ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச ஒப்பந்தமான ராம்சாரின் கீழ், 2018இல் உலகின் முதல் 18 ஈரநில நகரங்களில் ஒன்றாகக் கொழும்பு அறிவிக்கப்பட்டது. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் பத்திக் கலைஞர் ஏனா டி சில்வாவுக்காகக் கொழும்பில் கட்டிய வீடு சிறிய காணியில்தான் நின்றது. வெளியே புல்வெளி காட்டாமல், நடுமுற்றத்தைச் சுற்றி வீட்டை வைத்தார். நம் நாற்சார் வீட்டு முற்றத்தை அறிந்தவர்களுக்கு அதன் குளிர்ச்சி விளங்கும். இவ்வளவும் கையில் இருக்க, கட்டலொக்கைப் புரட்டித் தோட்டம் தெரிவு செய்ய வேண்டிய தேவை நமக்கு இல்லை.

ஆகவே வேலையைக் கொடுக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு அடி நீள, அகல, ஆழத்தில் குழி வெட்டித் தண்ணீர் நிரப்புங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்பி அளவுகோலை வையுங்கள். மணிக்கு ஒரு அங்குலமாவது இறங்கினால், கூரைத் தண்ணீர் விழும் பக்கத்தில் பத்தடிக்கு ஐந்தடி, ஆறங்குல ஆழத்தில் மழைநீர் நின்று மண்ணுக்குள் இறங்கும் ஒரு தாழ்பாத்தி கேளுங்கள். ஒரு தடவைக்கு 700 லீற்றர் பிடிக்கும். அதில் ரம்பை, கல்வாழை, வல்லாரை நடலாம். இரண்டு நாளுக்குள் அது வற்ற வேண்டும், இல்லையென்றால் நுளம்பு வரும். அங்குலம் இறங்காத மண்ணென்றால் பாத்தியை உயர்த்திக் கட்டச் சொல்லுங்கள். மதிலோரத்துக்குப் பனைக்குப் பதில் கமுகு போதும். மெலிந்த மரம், குறுகிய இடத்தில் நிற்கும். செவ்வரத்தை, நந்தியாவட்டை, கறிவேப்பிலை எல்லாம் எந்த நாற்றுமேடையிலும் மலிவாகக் கிடைக்கும்.

மூன்று மாத இலவசப் பராமரிப்பு என்பார்கள். அது ஜனவரியில் தொடங்கினால் பயனில்லை. ஒக்டோபர், நவம்பர் மழைக்குள் விழும்படி பேசிக்கொள்ளுங்கள். கடைசிக் கால்பங்குப் பணத்தை அந்த மழை முடிந்து, தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்த்த பிறகு கொடுங்கள்.