சி.ஆர்.1009 சப்1 விதைநெல்: பள்ளக்கால் வயலுக்கு வாங்கலாமா?

காவிரி டெல்டாவில் வடிகால் மோசமான சம்பா வயலுக்குத் தயங்காமல் வாங்கலாம். ஒடிசாவின் எஃப்.ஆர்.13ஏ நெல்லிலிருந்து வந்த சப்1 மரபணு, நீருக்கடியில் பயிர் வீணாக நெட்டையாக வளர்வதைத் தடுத்து மாவுச்சத்தைச் சேமிக்கிறது. அதனால் முழுக்க மூழ்கினாலும் இரண்டு வாரம் வரை தாங்கும். கலங்கல் நீரில் அந்தக் கெடு குறையும்.

நேரடி விதைப்பில் முளைக்கும்போதே மூழ்கினால் இந்த மரபணு காப்பாற்றாது. நாற்று நடவே நல்லது.

நீர் வடிந்ததும் இலைகள் அழுகிக் கிடக்கும். பதறி உழுதுவிடாதீர்கள், பாவம் அந்தப் பயிர்! அடித்தண்டை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் தழைக்கும். ஒரு வாரத்தில் புது இலை விட்டபிறகே யூரியாவும் பொட்டாஷும் போடுங்கள்.

வயது சுமார் 155 நாள். கடைசிவரை தண்ணீர் வேண்டும். அரிசி குண்டு, இட்லிக்கு அருமை. கலப்பில்லாமல் எடுத்துவைத்தால் அடுத்த சம்பாவுக்கும் விதைக்கலாம்.